காரை எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம்? நான்கு உயரங்கள், ஓர் ஒப்பீடு

காரின் சஸ்பென்ஷனை இறக்கி அதன் உயரத்தைக் குறைப்பது என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் தடுமாறி நிற்பது ஒரே கேள்வியில்தான்: எத்தனை மில்லிமீட்டர்? கடைக்காரர் 35 என்பார், நண்பர் 50 என்பார், வீட்டில் இருப்பவர்களோ இப்போதைய உயரமே போதவில்லை என்பார்கள். தமிழ்நாட்டுச் சாலைகளில் அன்றாடம் ஓடும் ஹேட்ச்பேக், செடான் கார்களை மனத்தில் வைத்து நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: உயரத்தைத் தொடாமல் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றுவது, 20 மி.மீ. அளவில் இறக்குவது, 30 முதல் 35 வரை இறக்குவது, 50-ஐத் தொடுவது. கணக்குக்கு எடுத்துக்கொண்ட கார் 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட். அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரை இடைவெளி, 163 மி.மீ.; முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமான வீல்பேஸ் 2,450 மி.மீ.; முன்புறம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம். இந்த விலைப் பிரிவில் ஓடும் பெரும்பாலான கார்களின் அமைப்பும் இதுவே என்பதால், எண்கள் சற்று மாறினாலும் வாதம் மாறாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் இன்று பலருக்கும் அளவுகோல். புகைப்படத்துக்கு அது சரி. ஆனால் கார் ஒழுங்காக ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடைவெளி: கார் நின்றிருக்கும் நிலையிலிருந்து, ஷாக்கின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நுரைத் தடுப்பில் போய் முட்டும் வரை சக்கரம் மேலே ஏறக்கூடிய தூரம். மெக்கானிக்குகள் இதை 'டிராவல்' என்பார்கள். உயரத்தை எத்தனை மி.மீ. குறைத்தாலும், ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மாற்றாத வரை, அத்தனை மி.மீ. டிராவல் அப்படியே கழிந்துவிடுகிறது.

இதன் விளைவு பலர் நினைப்பதைவிடக் கடுமையானது. ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அதன் விறைப்புக்கு நேர் விகிதத்திலும், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. ஆகவே 80 மி.மீ. இருந்த டிராவல் 40 ஆகிவிட்டால், முன்பு தாண்டிய அதே பள்ளத்தை முட்டாமல் தாண்டுவதற்கு ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருந்தாக வேண்டும். அப்படியொரு ஸ்பிரிங்கை அன்றாடப் பயன்பாட்டுக் காருக்கு யாரும் செய்து விற்பதில்லை. விற்றாலும் அந்தக் காரில் உட்கார முடியாது. கீழே ஒவ்வொரு வழியையும் இந்த 80 மி.மீ. கணக்கை வைத்தே பார்க்கிறேன். உங்கள் காரின் எண் வேறாக இருக்கலாம் என்பதால் அதை நீங்களே அளந்துகொள்வது நல்லது.

அளப்பது எளிது. முன் ஸ்ட்ரட்டின் தூசி உறையைச் சற்று மேலே தூக்கி, பளபளப்பான தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அது ஷாக்கின் உடலைத் தொடும் வரை கீழே தள்ளிவிட வேண்டும். வழக்கமாகச் செல்லும் சாலைகளில், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடு ஒரு வாரம் ஓட்டிய பின் பார்த்தால், சக்கரம் அதிகபட்சமாக ஏறிய இடத்தில் டை நின்றிருக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்பின் கீழ் விளிம்புக்கும் நடுவே எஞ்சியிருக்கும் தூரம்தான் கார் இன்னும் பயன்படுத்தாத டிராவல். நீங்கள் கவலையின்றி இறக்கக்கூடிய அளவும் ஏறத்தாழ அதுவே. டை ஏற்கெனவே பம்ப் ஸ்டாப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால், கம்பெனி உயரத்திலேயே கார் முழு டிராவலையும் செலவழித்துவிட்டது என்று பொருள். பின்புற ஷாக்கிலும் இதையே செய்ய வேண்டும், ஏனெனில் ஆட்களின் எடையும் பெட்டிகளின் எடையும் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகின்றன. பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமான்களும் ஏறினால் சிறிய காரின் பின்புறம் 40 மி.மீ. தாழ்வது சாதாரணம்.

இரண்டாவது அளவுகோல், தரையிலிருந்து இருக்கும் இடைவெளி. இங்கே வேகத்தடையைப் பற்றி ஒரு கணக்கு. சாலைகளுக்கான விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு ஐ.ஆர்.சி. 99 விதிப்படி, 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும், 10 செ.மீ. உயரமும், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவுமாக அமைய வேண்டும். ஸ்விஃப்டின் நான்கு சக்கரங்களும் அதன்மேல் நிற்கும்போது, வளைவின் நடுப்பகுதி வயிற்றை நோக்கி வெறும் 44 மி.மீ. மட்டுமே மேலே வரும். அதாவது விதிப்படி கட்டிய வேகத்தடையில் 50 மி.மீ. இறக்கிய காரும் உரசாமல் கடந்துவிடும். சிக்கல் விதிப்படி கட்டாதவற்றில்தான். தெருக்காரர்களே ஜல்லியைக் கொட்டி ஓர் இரவில் எழுப்பும் மேட்டின் அகலம் அரை மீட்டர்கூட இருப்பதில்லை. முன்சக்கரம் அதைத் தாண்டி இறங்கியதும் அதன் முழு உயரமும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நிற்கிறது. 15 செ.மீ. மேட்டின்மேல் 163 மி.மீ. காரே ஆட்கள் ஏறினால் உரசும் என்றால், இறக்கிய காரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 'வேகத்தடையில் இடிக்குமா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை; உங்கள் வீட்டிலிருந்து முதன்மைச் சாலை வரை உள்ள மேடுகள் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கிற்கு இறங்கும் சரிவின் முடிவில் முன் பம்பரின் கீழ் உதடு என்ன ஆகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சக்கரக் கோணங்களும், முன்சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வும். இது 30 மி.மீ.-க்கு மேல்தான் பெரிதாகப் பேசப்பட வேண்டியது. நான்காவது சட்டம், ஐந்தாவது மொத்தச் செலவு.

## உயரத்தைத் தொடாமல் ஷாக்கை மட்டும் மாற்றுவது

காரை இறக்க விரும்புகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், பாதிப் பேராவது 'வளைவில் ஆடுகிறது', 'நெடுஞ்சாலையில் மிதக்கிறது' என்பார்கள். இந்த இரண்டுக்கும் உயரம் முதற்காரணம் அல்ல. சிறிய காரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 550 மி.மீ. உயரத்தில் இருக்கும் என்று கொண்டால், காரை 30 மி.மீ. இறக்குவதால் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை 5 சதவீதத்தை ஒட்டித்தான் குறையும். இறக்கிய காரை ஓட்டியவர் உணரும் வித்தியாசத்தின் பெரும்பகுதி விறைப்பான ஸ்பிரிங்கிலிருந்தும், புதிய ஷாக்கிலிருந்தும், கூடவே மாற்றிய அகலமான டயரிலிருந்தும் வருவது.

அறுபது, எழுபதாயிரம் கி.மீ. ஓடிய காரில் பழைய ஷாக்கைக் கழற்றிக் கையால் அழுத்திப் பார்த்தால், எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய், வெளியே வர மறுத்து நிற்கும். இந்த நிலையில் இருக்கும் காருக்கு லோயரிங் ஸ்பிரிங் வாங்குவதைவிடத் தரமான புது ஷாக்கும், ஷாக்கின் மேல்நுனியை உடலோடு இணைக்கும் புது டாப் மவுண்ட்டும், வளைவில் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் புது ரப்பர் புஷ்களும் போட்டால் கேட்டது கிடைத்துவிடும். பில்ஸ்டைன் பி6 போன்றவை கம்பெனி உயரத்துக்காகவே செய்யப்பட்ட, ஒரிஜினலைவிட இறுக்கமான ஷாக்குகள். உங்கள் காருக்கு அப்படியொன்று கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கலாம்.

டிராவல் ஒரு மி.மீ.கூடக் குறையாது, தரை இடைவெளி குறையாது, சட்டச் சிக்கலும் இராது. குறை ஒன்றே: பார்வைக்கு எதுவும் மாறாது. வயதான பெற்றோரை ஏற்றிச் செல்பவர்கள், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ முழுப் பாரத்தோடு அடிக்கடி ஏறி இறங்குபவர்கள், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் வேளச்சேரி போன்ற பகுதிகளில் குடியிருப்பவர்கள் ஆகியோருக்கு இதற்கு மேல் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## 20 மி.மீ.

80 மி.மீ. டிராவலில் 60 எஞ்சும். பழைய தாங்குதிறனைக் காப்பாற்ற ஸ்பிரிங் 1.8 மடங்கு விறைப்பாக வேண்டும். உண்மையில் வாங்கும் ஸ்பிரிங் அதைவிடக் குறைவாகத்தான் கூடியிருக்கும் என்பதால், பெரிய பள்ளங்களில் பம்ப் ஸ்டாப் முன்பைவிட அடிக்கடி வேலை செய்யும். ஆனால் இக்காலக் கார்களின் பம்ப் ஸ்டாப், அமுங்க அமுங்க இறுகும் நுரை பாலியூரித்தேனால் ஆனது; அதை ஓர் உதவி ஸ்பிரிங்காகவே கணக்கில் சேர்த்துத்தான் வடிவமைக்கிறார்கள். எனவே அதைத் தொடுவதில் தவறில்லை, அதன் மீதே குடியிருக்கக் கூடாது. 20 மி.மீ. குறைப்பில் ஒரிஜினல் ஷாக் நல்ல நிலையில் இருந்தால் சமாளிக்கும், லோயர் ஆர்மின் கோணம் பெரிதாக மாறாது, அலைன்மென்ட் ஒருமுறை செய்தால், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் 'டோ' அளவு சரியாகிவிடும்.

இந்த அளவில் பலர் மறந்துவிடும் ஒன்று டயர். 185/65 ஆர்15 டயரை 195/50 ஆர்16 ஆக மாற்றினால் வெளி விட்டம் 20 மி.மீ. குறைகிறது, அதாவது கார் மேலும் 10 மி.மீ. தாழ்கிறது. சஸ்பென்ஷனை 20 இறக்கி டயரில் 10 இழந்தவர் கணக்கில் 30 இறக்கியவர். 163-இல் அவருக்கு எஞ்சுவது 133. இந்த 10 மி.மீ. டிராவலைத் தின்பதில்லை, தரை இடைவெளியை மட்டும் தின்கிறது என்ற வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும்.

வீட்டில் ஒரே கார், வாரநாளில் அலுவலகம், வாரக்கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒரு நீண்ட ஓட்டம், ஆண்டுக்கு ஓரிருமுறை குடும்பத்தோடு ஊர்ப் பயணம் என்றிருப்பவருக்கு என் தேர்வு இதுதான். இறக்கியது தெரியும், ஆனால் ஒவ்வொரு மேட்டுக்கும் காரைக் குறுக்காகத் திருப்பி ஏற்ற வேண்டிய தண்டனை இராது. சிக்கல் என்னவென்றால், சந்தையில் எல்லாம் 30, 35, 40 என்றே அச்சிட்டிருக்கும். 20-க்கென்று செய்த ஸ்பிரிங்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அல்லது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவரை வாங்கி அதன் மேல் எல்லையில் நிறுத்த வேண்டும்.

## 30 முதல் 35 மி.மீ.

அதிகம் விற்பது இந்த அளவு, அதிகம் வருத்தப்படுபவர்களும் இங்கேதான். ஐபாக் புரோ-கிட், எச் அண்டு ஆர் போன்ற பெயர் பெற்ற ஸ்பிரிங்குகளின் உயரக் குறைப்பு பெரும்பாலும் 30-ஐ ஒட்டியே இருப்பதால், அதுவே பாதுகாப்பான நடு அளவு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அந்த எண் ஐரோப்பியச் சாலைக்கும் ஐரோப்பியக் காருக்கும் வகுத்தது. இந்தியாவில் விற்கும் கார்களைத் தயாரிப்பாளர்கள் நம் சாலைகளுக்காகச் சற்று உயர்த்தியே அனுப்புகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் போலோ அப்படி வந்த ஒரு கார். ஐரோப்பிய உயரத்திலிருந்து 30 குறைக்கும் ஸ்பிரிங்கை உயர்த்திய இந்தியக் காரில் போட்டால், அட்டைப் பெட்டியில் அச்சிட்டதைவிடக் கூடுதலாகவே கார் இறங்கும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் இதே காரின் இந்திய வடிவத்தில் போட்டு, ஃபெண்டர் உயரத்தை முன்னும் பின்னும் அளந்திருக்கிறாரா என்று கேளுங்கள். அளவு சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினால் இன்னொரு கடையைப் பார்ப்பது நல்லது.

35 இறக்கினால் டிராவலில் எஞ்சுவது 45. பழைய தாங்குதிறனுக்குத் தேவையான விறைப்பு மூன்று மடங்குக்கு மேல். இந்த இடத்தில் ஒரிஜினல் ஷாக் பொருந்தாது. அதன் பிஸ்டன் தனக்கு வகுத்த நடுப்பகுதியை விட்டுக் கீழே வேலை செய்வதாலும், விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் வலு அதற்கு இல்லாததாலும், விரைவில் எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். ஸ்பிரிங்கை வாங்கியவர் ஓராண்டுக்குள் ஷாக்கையும் வாங்கும் நிலை இப்படித்தான் வருகிறது. பில்ஸ்டைன் பி8 போன்ற, தண்டு குட்டையான ஷாக்குகள் இந்த உயரத்துக்கென்றே இருக்கின்றன. அவற்றின் விலையைச் சேர்த்தால்தான் இந்த வழியின் உண்மையான விலை தெரியும். இடமில்லை என்பதற்காகப் பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக வெட்டிவிடும் வழக்கமும் பட்டறைகளில் உண்டு. டிராவல் கூடுவது உண்மைதான். ஆனால் அதன்பின் பெரிய பள்ளத்தில் நுரை தாங்க வேண்டிய அடியை ஷாக்கின் உட்பகுதி வாங்கும், அல்லது டயர் ஃபெண்டரின் உள்விளிம்பில் உரசும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், கம்பெனி உயரத்தில் வெளிநுனி சற்றுத் தாழ்ந்தோ ஏறத்தாழக் கிடைமட்டமாகவோ இருக்கும். காரை இறக்க இறக்க வெளிநுனி மேல்நோக்கி ஏறுகிறது. மெக்ஃபர்சன் அமைப்பில் இதனால் ரோல் சென்டர் எனப்படும் சாய்வு மையம், கார் இறங்கியதைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாய்வு மையத்துக்கும் புவியீர்ப்பு மையத்துக்கும் உள்ள தூரம் கூடுவதால், ஸ்பிரிங் விறைப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தாழ்த்திய கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயவே முனையும். வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரம் நிமிர்ந்து நிற்க உதவும் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) மாற்றமும் தலைகீழாகத் தொடங்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெடுவதால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுப்பதை உணரலாம். இவற்றைச் சரிசெய்ய லோயர் ஆர்மின் வெளிநுனியில் பொருத்தும் நீட்டிய பால் ஜாயின்ட்டுகள் சில கார்களுக்குக் கிடைக்கின்றன. நம்மூரில் ஓடும் பல கார்களுக்குக் கிடைப்பதில்லை.

பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் மட்டும் செல்லும் கார், நல்ல சாலைகள், வேறு குடும்பக் கார் ஒன்று வீட்டில் இருப்பது, ஷாக்கோடு சேர்த்துச் செலவழிக்கத் தயார் என்ற நான்கும் ஒன்றுசேர்ந்தால் இந்த உயரம் பொருந்தும். நான்கில் ஒன்று குறைந்தாலும் 20-க்குத் திரும்பிவிடுவது மேல்.

## 50 மி.மீ. இறக்கமும் அதற்கு மேலும்

டிராவல் 30, தேவைப்படும் விறைப்பு ஏழு மடங்கு. இனி இதைச் சாதாரண ஸ்பிரிங்கால் செய்ய முடியாது. குட்டையான உடலும், தனியே மாற்றக்கூடிய நீளமும் கொண்ட காயில்ஓவர் வேண்டும். நல்ல காயில்ஓவர் உயரத்தை ஒரு திருகாலும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இன்னொரு திருகாலும் மாற்றவிடும் என்பதால், உயரம் குறைந்தாலும் ஷாக்கின் டிராவல் அப்படியே நிற்கும். அப்போதும் சக்கரம் ஃபெண்டருக்குள் ஏற இடம் குறைந்ததுதான். அதை எந்தத் திருகாலும் மீட்க முடியாது.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தின் காரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையின் ஓடுதளத்திலோ நேரம் குறைக்க ஓட்டுபவருக்கு இது நியாயமான கருவி, ஏனெனில் அங்கே மேடு இல்லை, ஓட்டுபவர் மட்டுமே ஏறுகிறார், அலைன்மென்ட்டும் அதற்கேற்பத் திருத்தப்படுகிறது. தெருவில் ஓடும் காரில் திருகுகளுக்கிடையே சேறு புகுந்து இறுகிவிடுவதால், 'தேவைப்பட்டால் உயர்த்திக்கொள்ளலாம்' என்று வாங்கியவர் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு உயர்த்த முயன்றால் திருகு நகராது.

காற்றுப் பையில் இயங்கும் ஏர் சஸ்பென்ஷன் நிறுத்தும்போது தாழ்த்தி, ஓட்டும்போது உயர்த்தும் வசதியைத் தருகிறது. பார்வைக்காக மட்டும் தாழ்வு வேண்டும் என்பவருக்கு உண்மையில் இதுவே பொருத்தம். விலையும், கம்ப்ரசர், டேங்க், குழாய்களின் பராமரிப்பும் அதைப் பெரும்பாலோரின் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன.

## ஸ்பிரிங்கை வெட்டுவது

இதை ஐந்தாவது வழியாக எண்ணாமல் தனியே சொல்கிறேன். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும் என்பது உண்மை. அதனால் 'வெட்டினாலும் அதே பலன்தானே' என்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் அமர்வதற்கென்றே வடிவமைத்தது. வெட்டிய நுனி ஒரு புள்ளியில் மட்டும் ஊன்றி நிற்கும். சக்கரம் பள்ளத்தில் முழுவதும் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து, இருக்கையை விட்டு விலகிவிடலாம். வெட்டாமல் கேஸ் அடுப்பால் சூடாக்கி அமுக்குவது இன்னும் மோசம், எஃகுக்குப் பதப்படுத்தி ஏற்றிய வலு அந்தச் சூட்டிலேயே போய்விடும். இரண்டும் மலிவு என்பதைத் தவிர வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை.

## ஒரே பார்வையில்

| | ஷாக் மட்டும் | 20 மி.மீ. | 30–35 மி.மீ. | 50 மி.மீ. |
|---|---|---|---|---|
| 80-இல் எஞ்சும் டிராவல் | 80 | 60 | 50–45 | 30 |
| ஸ்விஃப்டின் தரை இடைவெளி (ஆள் இல்லாமல்) | 163 | 143 | 133–128 | 113 |
| ஈடுகட்டத் தேவையான விறைப்பு | மாற்றமில்லை | 1.8 மடங்கு | 2.6–3.2 மடங்கு | 7 மடங்கு |
| ஒரிஜினல் ஷாக் | மாற்றப்படும் | நல்ல நிலையில் இருந்தால் போதும் | போதாது | பொருந்தாது |
| ஐந்து பேரோடு ஊர்ப் பயணம் | தடையில்லை | கவனமாக | தவிர்க்க வேண்டும் | இயலாது |
| மறைந்திருக்கும் செலவு | டாப் மவுண்ட், புஷ் | அலைன்மென்ட் | ஷாக், பால் ஜாயின்ட், டயர் | இவை அனைத்தும், பம்பரும் |

## பில்லில் வராத செலவுகள்

முதலாவது டயர். இறக்கிய பின் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால், டோ மாறியதால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துகொண்டே வரும். வெளியிலிருந்து பார்த்தால் டயரின் பள்ளங்கள் முழுதாக இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு உள்விளிம்பில் கையை ஓட்டினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் தட்டுப்படும். இப்படித் தட்டுப்பட்டால் அலைன்மென்ட் தவறிவிட்டது.

இரண்டாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி.யில் காரின் உயரம் குறிப்பிடப்படுவதில்லை என்பதால் இறக்குவதற்கு அனுமதி இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. 20 மி.மீ. இறக்கிய கார் யார் கண்ணிலும் படாமல் போகலாம். 50 இறக்கிய கார் சோதனைச் சாவடியில் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் க்ளெய்மை மறுக்க அவர்கள் முதலில் எடுக்கும் காரணமாகலாம். ஆகவே எந்த உயரமானாலும் பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். விற்கும்போதும் அவை தேவைப்படும்.

மூன்றாவது, பட்டறையில் விட்டுப்போகும் ஒரு வேலை. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், போல்ட் இறுக்கப்பட்ட நிலையைத் தன் இயல்பு நிலையாகக் கொண்டு, அங்கிருந்து இருபுறமும் முறுக்கிக்கொள்ளும். காரை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, காரைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி அமரவைத்த பிறகே இறுதியாக இறுக்கச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கி.மீ.களில் இன்னும் சற்று அமரும் என்பதால், அலைன்மென்ட்டையும் ஹெட்லைட்டின் கோணத்தையும் அதற்குப் பிறகு சரிபார்த்துக்கொண்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிராது.